மூன்று மாதக் கோடு

சிறுநீரகம் சொல்லும் கதை – 9

சென்ற வாரம் கிரியாட்டினின் எங்கே உருவாகிறது, சிறுநீரகம் அதை எப்படி வடித்து வெளியேற்றுகிறது என்று பார்த்தோம். பரிசோதனைத் தாளில் அந்த எண் ஏறியிருந்தால் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கிறது என்பதோடு நிறுத்தியிருந்தோம். அடுத்து எழும் கேள்வி இயல்பானது: ஏறிய எண் இறங்குமா? இதற்குப் பதில் சொல்ல அந்தத் தாள் மட்டும் போதாது. எத்தனை நாளாக ஏறியிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பேர் படுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 28 வயது. வரப்பில் நடந்துபோகும்போது கண்ணாடி விரியன் கடித்து ஐந்து நாளாகிறது. மற்றவருக்கு 54 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று நேற்று இரவு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இருவருக்கும் கிரியாட்டினின் 8. இருவருக்கும் டயாலிசிஸ் நடக்கிறது. வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே செய்திதான் கிடைத்திருக்கிறது: "கிட்னி ஃபெயிலியர்."

ஆனால் இவர்கள் இருவரும் ஒரே வகை நோயாளிகள் இல்லை.

ஒரே எண், இரண்டு நோய்கள்

இளைஞரின் சிறுநீரகங்கள் ஒரு வாரம் முன்பு வரை நன்றாக இருந்தவை. விரியனின் நஞ்சு இரத்தம் உறையும் முறையைக் குலைத்தது. இரத்த அழுத்தத்தைச் சரித்தது. சிறுநீரக நுண்குழாய்களின் உட்சுவர் செல்களை நேரடியாகவும் தாக்கியது. செத்த செல்கள் உதிர்ந்து குழாய்களையே அடைத்துக்கொண்டன. சிறுநீர் நின்றுபோனது. நஞ்சுமுறிவு மருந்து உரிய நேரத்தில் ஏறி, இயந்திரம் சில வாரம் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொடுத்தால், உட்சுவரில் மிஞ்சியிருக்கும் செல்கள் பெருகிப் புதுச் சுவர் எழுப்பிவிடும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் ஆறு வாரத்தில் சிறுநீர் திரும்புகிறது. முதலில் கொஞ்சம், பிறகு கட்டுக்கடங்காமல் லிட்டர் கணக்கில், பிறகு வழக்கமான அளவில். இவர் தன் சொந்தச் சிறுநீரகங்களோடு வயலுக்குத் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. சிலருக்கு மட்டும் சிறுநீரகத்தின் புறணிப் பகுதியே செத்துப்போகும், அவர்களுக்குத் திரும்பாது.

பெரியவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, "பழைய ரிப்போர்ட் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்றுதான். மஞ்சப்பையில் மடித்துவைத்த தாள்களிலிருந்து, மூன்று ஆண்டுக்கு முன் கண்புரை அறுவைக்காக எடுத்த இரத்தப் பரிசோதனை வெளிவருகிறது. அன்றைக்கே கிரியாட்டினின் 2.4. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று ஹீமோகுளோபின் 7. இரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பதும் சிறுநீரகமே. அந்தச் சுரப்பு பல மாதமாகக் குறைந்திருப்பதால் சோகை இவ்வளவு ஆழமாகியிருக்கிறது. விழித்திரையிலும் சர்க்கரை நோயின் தழும்புகள் இருக்கின்றன. இவருடைய நோய் நேற்று இரவு வந்ததில்லை. நேற்று இரவு தெரியவந்தது, அவ்வளவுதான்.

மருத்துவ உலகம் இந்த வேறுபாட்டுக்குக் காலக் கணக்கு வகுத்திருக்கிறது. 48 மணி நேரத்தில் கிரியாட்டினின் 0.3 மில்லிகிராம் ஏறினாலோ, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கானாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. சிறுநீரகத்தின் அமைப்பிலோ வேலையிலோ உள்ள குறை மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 2002இல் அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் வழிகாட்டு நெறிகள் இந்த மூன்று மாதக் கோட்டைப் போட்டன. இன்று உலகம் முழுக்க அதுவே அளவு. குணமாகக்கூடிய பாதிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிவிடும். மூன்று மாதம் கடந்தும் நிற்பது தங்குவதற்கு வந்தது என்பதே இந்தக் கோட்டின் பின்னுள்ள அனுபவம்.

குறுகிய கால நோய் என்றால் சின்ன நோய், நீண்ட கால நோய் என்றால் கொடிய நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இளைஞர் மருத்துவமனைக்கு வர இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் இறந்திருக்கலாம். பெரியவர் முறையாகச் சிகிச்சை எடுத்தால் இன்னும் பல ஆண்டு வாழலாம். இரண்டு நோய்களும் நம்மிடம் கேட்பவை வேறு வேறு. முதல் நோய் வேகத்தைக் கேட்கிறது. இரண்டாவது நாள் தவறாத ஒழுங்கைக் கேட்கிறது. ஒன்றுக்கு உரிய பழக்கத்தை மற்றதிடம் காட்டும்போதுதான் நாம் உயிர்களை இழக்கிறோம். இந்த வாரம் நான் சொல்ல வருவது இதுதான்.

இடிபாடுகளில் கிடைத்த பாடம்

நல்ல சிறுநீரகம் ஒரே வாரத்தில் நின்றுபோகும் என்பதைப் போர் கற்றுக்கொடுத்தது. 1940இல் லண்டன் மீது குண்டுகள் விழுந்தன. இடிந்த வீடுகளுக்கு அடியில் பல மணி நேரம் கை கால் நசுங்கிக் கிடந்தவர்களை மீட்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதல் நாள் அவர்கள் பேசினார்கள், நன்றாகவே தோன்றினார்கள். பிறகு நசுங்கிய கால் வீங்கியது, சிறுநீர் கறுத்துக் குறைந்தது, ஒரு வாரம் போல உயிரோடிருந்து இறந்துபோனார்கள். ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் எரிக் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் இதை ஆராய்ந்து 1941 மார்ச்சில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நசுங்கிய தசையிலிருந்து கசிந்த நிறமிப் பொருள் சிறுநீரக நுண்குழாய்களில் போய் அடைத்திருந்தது. அந்த ஒரு வாரத்தைக் கடத்திவிட முடிந்தால் சிறுநீரகம் பிழைத்துக்கொள்ளக்கூடும். கடத்துவது எப்படி என்றுதான் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற சிறு நகரத்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் அதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார். தொத்திறைச்சியைச் சுற்றும் செலோஃபேன் குழாயை மரப் பட்டிகைகளால் ஆன உருளையில் சுற்றி, அதை உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். குழாய்க்குள் இரத்தம் ஓடும். கழிவு வெளியே கசிந்து நீரில் கரையும். நடைமுறைக்கு உதவிய முதல் டயாலிசிஸ் இயந்திரம் இப்படித்தான் பிறந்தது.

1943இல் அவர் முதலில் சிகிச்சை கொடுத்தது நாள்பட்ட சிறுநீரக நோய் முற்றிய 29 வயதுப் பெண்ணுக்கு. இயந்திரம் வேலை செய்தது, இரத்தம் சுத்தமானது, அவர் தெளிந்தார். ஆனால் சில நாளில் கழிவு மறுபடியும் ஏறியது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயை வெட்டித்தான் இயந்திரத்தோடு இணைக்க முடியும். 12 முறை செய்தபின் வெட்டுவதற்கு இரத்தக் குழாய் மிச்சமில்லை. அந்தப் பெண் இறந்துபோனார். அடுத்த இரண்டு ஆண்டில் அந்த இயந்திரத்தை நாடி வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள்.

1945 செப்டம்பரில் 67 வயதுப் பெண் ஒருவரை நினைவில்லாத நிலையில் கொண்டுவந்தார்கள். தொற்று நோயால் சிறுநீரகம் திடீரென்று நின்றிருந்தது. பல மணி நேர டயாலிசிஸுக்குப் பின் கண் விழித்தார். சில நாளில் அவருடைய சிறுநீரகங்கள் தாமே வேலையைத் தொடங்கின. அவர் அதன்பின் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்.

இயந்திரம் அதேதான், மருத்துவரும் அவரேதான். 29 வயதுப் பெண்ணைக் காப்பாற்ற முடியாத அந்தக் கருவி 67 வயதுப் பெண்ணைக் காப்பாற்றியது. சிறுநீரகம் மீண்டு எழும்வரை தாங்கிப் பிடிக்க அதனால் முடிந்தது. மீண்டு எழாத சிறுநீரகத்துக்குப் பதிலாக நாளும் கிழமையும் உழைக்க அன்று முடியவில்லை.

சியாட்டிலில் விழுந்த இணைப்பு

அந்தக் குறை தீர இன்னும் 15 ஆண்டு ஆனது. தீர்ந்ததும் இந்த இரண்டு நோய்களுக்கு இடையில் நேர்ந்த ஒரு குழப்பத்தால்தான். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவரிடம், ஸ்போகேன் என்ற ஊரிலிருந்து நினைவிழந்த நிலையில் ஒருவர் வந்தார். திடீர்ச் செயலிழப்பு என்று கருதி ஸ்க்ரிப்னர் டயாலிசிஸ் செய்தார். நோயாளி எழுந்து உட்கார்ந்தார். ஆனால் சிறுநீர் திரும்பவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது அது மீளாத, நாள்பட்ட நோய் என்று தெரிந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று குடும்பத்திடம் சொல்லி வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. அவர் இறந்துபோனார்.

கண்முன்னே தெளிந்து எழுந்த மனிதரைத் திருப்பி அனுப்பிய வேதனை ஸ்க்ரிப்னரை விடவில்லை. ஒரு நள்ளிரவில் விழிப்பு வந்தபோது வழி தோன்றியது. ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்குப் பதிலாக, கையிலுள்ள தமனியில் ஒரு குழாய், சிரையில் ஒரு குழாய் வைத்து, இரண்டையும் தோலுக்கு வெளியே இணைத்தே விட்டுவிட்டால் என்ன? இரத்தம் ஒட்டாத டெஃப்லான் அப்போதுதான் கிடைக்கத் தொடங்கியிருந்தது. பொறியாளர் வெய்ன் குவின்டன் அந்தக் குழாயை உருவாக்கினார். 1960 மார்ச் 9 அன்று, போயிங் தொழிற்சாலையில் மெஷினிஸ்டாக இருந்த 39 வயது கிளைட் ஷீல்ட்ஸின் கையில் அதைப் பொருத்தினார்கள். சாகக் கிடந்த அவர் இன்னும் 11 ஆண்டு வாழ்ந்தார்.

உடனே இன்னொரு கேள்வி முளைத்தது. ஒரு மாதச் சிகிச்சை என்றால் எப்படியாவது சமாளிக்கலாம். ஆயுள் முழுவதும் வாரா வாரம் என்றால் யார் கொடுப்பது? 1962இல் சியாட்டிலில் திறந்த டயாலிசிஸ் மையத்தில் இடம் சிலருக்குத்தான் இருந்தது. யாருக்கு இடம் கொடுப்பது என்று முடிவு செய்ய, பெயர் வெளியிடப்படாத ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. வருமானம், குழந்தைகள், வேலை எல்லாவற்றையும் பார்த்து அவர்கள் ஆளைத் தேர்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் லைஃப் இதழ் இதை வெளியிட்டபோது அமெரிக்கா அதிர்ந்தது. பத்து ஆண்டு விவாதத்துக்குப் பின், 1972இல், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் சட்டம் அங்கே வந்தது.

நீண்ட கால நோய்க்கு மருந்தோ இயந்திரமோ கண்டுபிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதைக் கடைசிவரை யார் சுமப்பது என்பதைச் சமூகம் தீர்மானிப்பது. நம் ஊரில் பாம்புக்கடிக்கு மோதிரத்தை அடகு வைத்தவர் அடுத்த அறுவடையில் மீட்டுவிடுவார். வாரத்துக்கு இரண்டு மூன்று டயாலிசிஸைத் தனியாரிடம் காசு கொடுத்துச் செய்த குடும்பங்கள் நகை, நிலம், வீடு என்று வரிசையாக இழந்ததை நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேர்க்கப்பட்டிருப்பதன் அருமையை அந்தக் குடும்பங்கள் அறியும்.

மீண்டும் வளராதது

வார்டில் படுத்திருக்கும் அந்தப் பெரியவரின் சிறுநீரகம் ஏன் திரும்பாது? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிப்பான் அலகுகள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது அவற்றின் பெயர். தாயின் வயிற்றில் 36 வாரம் ஆகும்போது இவை உருவாவது முடிந்துவிடுகிறது. பிறகு ஒன்றுகூடப் புதிதாகச் சேராது. விரியன் கடித்தவருக்கு நெஃப்ரானின் உட்சுவர் உதிர்ந்தது. நெஃப்ரான் அப்படியே இருந்தது. அதனால் சுவர் திரும்ப வளர முடியும். சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமும் வடிகட்டும் நுண்தந்துகி முடிச்சையே தழும்பாக்கிவிடுகின்றன. தழும்பு திரும்ப வடிகட்டியாகாது.

சில நெஃப்ரான்கள் போனால் மற்றவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. பத்துப் பேர் நடவு நடும் வயலில் நான்கு பேர் வரவில்லை என்றால், மீதி ஆறு பேர் குனிந்த முதுகு நிமிராமல் அந்திக்குள் நட்டுமுடிப்பதுபோல. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு வேலை நடப்பதாகவே தெரியும். ஆனால் அதிகப்படியான அழுத்தத்தில் வடிகட்டும் நெஃப்ரான்கள் அந்த உழைப்பாலேயே சிதைகின்றன. 1980களில் பேரி பிரென்னர் என்ற அமெரிக்க மருத்துவர் இதைத் தெளிவாக விளக்கினார். முதலில் சேதப்படுத்திய காரணம் ஓய்ந்த பின்னும் நாள்பட்ட சிறுநீரக நோய் தானாகவே முன்னேறிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இந்த ஈடுகட்டும் திறமைதான் நோயை மறைத்தும் வைக்கிறது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதியாகக் குறையும்வரை கிரியாட்டினின் இயல்பு எல்லையைத் தாண்டாமலே இருக்கலாம். வீக்கம், வாந்தி, அரிப்பு, மூச்சுத்திணறல் எல்லாம் வேலைத்திறன் கால் பங்குக்கும் கீழே போன பிறகே பெரும்பாலும் வருகின்றன. அதற்குப் பல ஆண்டு முன்பே தெரியக்கூடிய ஓர் அறிகுறி உண்டு: சிறுநீரில் கசியும் ஆல்புமின் புரதம். லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், 1827இல் வெளியிட்ட தம் நூலில், உடல் வீங்கியவர்களின் சிறுநீரைக் கரண்டியில் வைத்து மெழுகுவத்தியில் காட்டினால் அது கட்டிப்படுவதை எழுதினார். இறந்த பின் அவர்களின் சிறுநீரகங்களைப் பார்த்தபோது அவை கெட்டுப்போயிருந்தன. ஏறக்குறைய 200 ஆண்டு கழித்தும் அதே ஆல்புமினைத்தான் தேடுகிறோம். கரண்டிக்குப் பதில் ஆய்வகம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின் என்ற அளவைத் தாண்டினால் எச்சரிக்கை.

நன்றாக இருக்கிறேன் என்பது சாட்சியாகாது

குறுகிய கால நோயில் உடம்பே பேசும். காய்ச்சல் கொதிக்கும், வயிறு முறுக்கும், விழுந்து விடுவோம். தணிந்தால் நோய் போய்க்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். தலைமுறை தலைமுறையாக நம்மிடம் உள்ள மருத்துவ அறிவு இந்த நோய்களிடம் கற்றது. உடம்பு சரியானதும் மருந்தை நிறுத்துவது அங்கே இயல்பான செயல்.

அதே பழக்கத்தோடுதான் நாம் இரத்த அழுத்த மாத்திரையிடம் போகிறோம். "சார், பிரஷர் நார்மல் ஆயிடுச்சுன்னு போன வாட்டி சொன்னீங்களே, அதான் மாத்திரையை விட்டுட்டேன்" என்ற பேச்சை எந்த மருத்துவரும் வாரத்துக்குப் பல முறை கேட்கிறார். மாத்திரை போட்டதால்தான் அது சரியாக இருந்தது. ஆனால் நிறுத்திய மறுநாள் எதுவும் ஆவதில்லை; ஒரு மாதம் கழித்தும் எதுவும் தெரிவதில்லை. தவறு என்று உணர்த்த உடம்பு எந்த வலியையும் அனுப்புவதில்லை. நோயாளியை நான் குறை சொல்ல மாட்டேன். பார்க்க முடியாத, வலிக்காத ஒன்றுக்காக நாள்தோறும் மாத்திரை விழுங்கச் சொல்கிறோம். அது ஏன் என்று பொறுமையாக உட்கார்ந்து சொல்ல, நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் வெளிநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

விளைவு பெரியது. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் – இந்தியாப் (ICMR–INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் கணிசமானோரின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்கள் சத்தமின்றிக் குறைந்துகொண்டிருக்கின்றன.

இதைத் தடுக்க மருந்தில்லை என்றால் வருந்திவிட்டுப் போகலாம். மருந்து இருக்கிறது. 1993இல் வெளியான ஆய்வொன்று, முதல் வகைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கேப்டோப்ரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை கொடுத்தபோது, இறக்கும் ஆபத்தும், டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் ஆபத்தும் சேர்ந்து பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. 2019, 2020 ஆண்டுகளில் கேனாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் ஆகிய மருந்துகள் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கும், டபாக்ளிஃப்ளோசின் சர்க்கரை இல்லாத பல சிறுநீரக நோயாளிகளுக்கும், நோய் முன்னேறுவதைக் குறைப்பது உறுதியானது. 2020 அக்டோபரில் டபாக்ளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியது. இவை எதுவும் போன நெஃப்ரானைத் திருப்பித் தரா. இருப்பதைக் காப்பாற்றும். குணப்படுத்தாத மருந்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு, டயாலிசிஸ் கட்டிலை 10 ஆண்டு தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய குணம் என்பதை டயாலிசிஸில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

இளநீரும் வலி மாத்திரையும்

வயிற்றுப்போக்கில் சோர்ந்தவருக்கு இளநீர் கொடுக்கிறோம். நீரும் பொட்டாசியமும் இழந்த உடம்புக்கு அது நல்லது. அதே இளநீரை, "கிட்னிக்குக் குளிர்ச்சி" என்று சிறுநீரகம் முற்றிலும் கெட்டவருக்கு அன்போடு கொடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். வெளியேற்ற அங்கே வழியில்லை. வாழைப்பழத்துக்கும் இதே எச்சரிக்கை; காய்கறிகளை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிடச் சொல்வதும் இதற்காகவே.

கால் சுளுக்கியவர் மூன்று நாள் டைக்ளோஃபினாக் போடுவது ஒன்று. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் போடுவது வேறு. இவ்வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. சர்க்கரையோ அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் சொல்லாத பொடிகளுக்கும் இதுவே பொருந்தும்.

கோட்டைத் தாண்டி வருபவை

இரண்டு நோய்களுக்கும் நடுவில் மதில் எதுவும் இல்லை. கிரியாட்டினின் 2 என்று நிலையாக இருந்த ஒருவருக்கு ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் அது ஒரே வாரத்தில் 6 ஆகலாம். வழக்கமாகச் சிறுநீரகத்தைக் காக்கும் சில மாத்திரைகளையே, நீர் வற்றிய அந்தச் சில நாட்களுக்கு மட்டும் மருத்துவர் நிறுத்தச் சொல்வதுண்டு. ஆகவே நாள்பட்ட நோயாளிகள் வாந்தி பேதி வந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

எதிர்த் திசையிலும் வழி இருக்கிறது. திடீர்ப் பாதிப்பிலிருந்து மீண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு முழுமையாக மீளாமல் உள்ளே தழும்பு தங்கிவிடுகிறது. பாம்புக்கடியிலிருந்தோ எலிக்காய்ச்சலிலிருந்தோ பிரசவச் சிக்கலிலிருந்தோ பிழைத்து வீடு திரும்பியவர்கள் அந்தக் கதை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதத்தில் ஒரு முறை இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும் என்று சர்வதேச நெறிகள் 2012 முதல் சொல்கின்றன. அந்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் மிகக் குறைவு.

இன்னும் வருத்தமான சேதி இலங்கையிலிருந்து வருகிறது. வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம், பொலன்னறுவை பகுதிகளின் நெல் விவசாயிகளிடம் 1990களிலிருந்து ஒரு சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படுகிறது. சர்க்கரையும் இல்லை, பெரிய அழுத்தமும் இல்லை. ஆயினும் நடு வயதிலேயே சிறுநீரகம் சுருங்கிவிடுகிறது. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதே கதை. குடிநீர், வேளாண் இரசாயனம் என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. கடும் வெயிலில் நீர் வற்ற வற்ற உழைப்பதால் ஒவ்வொரு நாளும் சிறுநீரகத்துக்கு ஏற்படும் சிறு திடீர்ப் பாதிப்புகள் சேர்ந்து நாள்பட்ட நோயாகின்றன என்பது அவற்றில் வலுவான ஒன்று. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமும் வெப்பத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டிருக்கிறது. இது உண்மையானால் அந்தத் தொழிலாளிக்கு வேண்டிய முதல் மருந்து வேலையிடத்தில் நிழலும் குடிநீரும், கூலி பிடிக்காத ஓய்வு நேரமும்தான்.

பார்க்க யாரும் வராத ஆண்டுகள்

திடீரென்று ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஊரே வருகிறது. ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கட்டிலருகில் குவிகின்றன. சித்தப்பா இரவு தங்குகிறார். அத்தை வீட்டுச் சமையலைப் பார்த்துக்கொள்கிறார். டயாலிசிஸ் ஆறாவது ஆண்டைத் தொடும்போது யாரும் வருவதில்லை. மனைவி மட்டும் விடியற்காலைப் பேருந்தில் கூட வருகிறார், அரை நாள் கூலியை விட்டு. வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். அளந்து குடிக்கும் தண்ணீர், டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துவைத்த, வேறு ஊசி குத்தக் கூடாத ஃபிஸ்டுலா கை, தள்ளிப்போகும் மகளின் கல்யாணம். இந்த நோயில் சிகிச்சையின் பெரும்பகுதியை நடத்துவது வீடுதான். அந்த வீட்டுக்கு ஓய்வு கொடுக்க நம் உறவுமுறைக்குள் இன்னும் ஏற்பாடு உருவாகவில்லை. உறவினரில் யாராவது மாதம் ஒரு நாள் கூட வந்து உட்கார்ந்தால், அந்த மனைவிக்கு அன்றைய கூலியாவது மிஞ்சும்.

அரசின் அமைப்பும் இதே பாதையில்தான் வளர்ந்தது. அவசரத்துக்கு ஓட நமக்கு 108 இருக்கிறது. அதில் தமிழ்நாடு பெருமைப்படலாம். நாள்பட்ட நோயாளிக்கோ மாதா மாதம் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதைத் திருப்பிப் போட முயன்றது. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான பைகளும். கதவைத் தட்டும் அந்தப் பெண் ஊழியர் கையில் மாத்திரையோடு, சர்க்கரையும் அழுத்தமும் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். பாதிப்பைத் தடுக்க முடிந்த ஆண்டுகளிலேயே அதைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் நான்கு. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கிரியாட்டினினோடு சிறுநீர் ஆல்புமினையும் ஆண்டுதோறும் பாருங்கள். எண் சரியாக இருப்பதைக் காட்டி மாத்திரையை நிறுத்தாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பிலிருந்து பிழைத்து வந்தவர்கள் மூன்றாம் மாதத்தில் ஒரு முறை மருத்துவமனைக்குத் திரும்பிப் போங்கள். பழைய பரிசோதனைத் தாள் எதையும், அது நார்மல் என்று வந்திருந்தாலும், தூக்கி எறியாதீர்கள். என்றாவது ஒரு நாள் அவசரத்தில் உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு, உங்கள் நோய் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

அடுத்த வாரம்: 1954 டிசம்பரில் பாஸ்டனில் இரட்டையரில் ஒருவர் மற்றவருக்குத் தந்த சிறுநீரகம், 1971இல் வேலூர் வரை வந்த கதை.

(தொடரும்)